கடலைப் பார்த்த சுவர்

என் கைக்கடிகாரத்தின் தோல் பட்டையில் கொஞ்சம் வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. டிக்கெட் கவுன்டரில் கண்ணாடிக்குக் கீழே கையை நீட்டும்போதெல்லாம் அது கண்ணில் படும். போன வாரம் கூட வேலை செய்யும் பெண் பார்த்துவிட்டு, "மேடம், நகத்தால சுரண்டினாலே போயிடும்" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

என் மகள் ஓவியக் கல்லூரியில் படித்தவள். 'ரெசிடென்சி' கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்னபோது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவளே விளக்கினாள். ஓர் அமைப்பு கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு சிறிய ஊருக்கு அனுப்பும். மூன்று மாதம் அங்கே தங்கி, அந்த ஊர்க்காரர்களோடு பேசிப் பழகி, அங்கேயே ஏதாவது ஒன்றைச் செய்து, அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். கடைசியில் ஒருநாள் எல்லோரையும் அழைத்துக் காட்ட வேண்டும். அவளுக்குக் கிடைத்தது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம்.

"பெரம்பூர்லேர்ந்து எண்ணூர் என்ன வெளிநாடா?" என்றார் என் கணவர். வெளிநாடு இல்லைதான். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறினால் போதும். அந்தப் பாதைக்கு எத்தனையோ வருஷமாக டிக்கெட் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஸ்டேஷனைத் தாண்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. எனக்குத் தெரிந்த எண்ணூர் செய்தியில் வரும் எண்ணூர்தான். வாயுக் கசிவு, ஆற்றில் மிதக்கும் எண்ணெய், கூரை மேல் படியும் அனல்மின் நிலையச் சாம்பல். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, காலையில் அவளோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அவள் தங்கியது ஒரு ஃபைபர் படகுக்காரர் வீட்டில். மேலே ஓர் அறை, தகரக் கதவு, ஜன்னலைத் திறந்தால் கடல். அறையை நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாக்கா, பொண்ண வுட்டுட்டு போவ மனசு வர்லியா? இங்க இன்னா புலி சிங்கமா கீது? கொசுதான் கீது. அத்தவிட்டா எங்க வூட்டுக்காரரு."

"நான் கடிக்க மாட்டேம்மா" என்றார் உள்ளேயிருந்து அவர்.

கிளம்பும்போது மகளிடம் ஒரு வாக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்ன வேண்டுமானாலும் வரை, எங்கே வேண்டுமானாலும் வரை, படகில் மட்டும் ஏறாதே. அவளுக்கு நீச்சல் தெரியாது. "அவங்களே ஏத்த மாட்டாங்கம்மா. பொம்பளைங்க படகுல போற பழக்கமே இங்க இல்ல" என்றாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. மற்ற இடங்களில் இப்படி யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவள் நான்.

குப்பத்தின் நடுவில் வலை பின்னுவதற்கான பொதுக்கூடம் இருக்கிறது. உயரமான கட்டடம். படத்தை அதன் சுவரில் போடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். அவள் கேட்டது ரோட்டைப் பார்த்த சுவர். அதில் ஏற்கனவே ஒரு கட்சி எழுதி வைத்திருந்தது.

"அது புக் ஆயிடுச்சிம்மா. அட்த்த எலக்சனுக்கும் சேத்து எய்திட்டு போய்க்கிறாங்கோ" என்றார் படகுக்காரர். "கடலு பக்கம் செவுரு சும்மாதான் கீது. ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப வெள்ள அடிப்போம், அவ்ளோதான்."

அவள் வெளிர் நிறங்களில் வரைந்து கொண்டுபோன மாதிரிப் படத்தை எல்லோரும் கை மாற்றிப் பார்த்தார்கள். அதற்கும் அவரே தீர்ப்புச் சொன்னார்: "வெள்ளையா வெச்சீனா ஒரு மாசம் தாங்காது பாப்பா. சாம்பலு வந்து குந்திக்கும். எங்க சோத்துலயே குந்துது, செவுத்துல குந்தாதா? கருநீலமா அடி. அழுக்கு தெரியாது."

எல்லோரும் சரி என்றார்கள். அங்கே இருந்த அத்தனை பேரும் கடலில் போய்த் திரும்புகிறவர்கள், அல்லது போனவர்களுக்காகக் கரையில் காத்திருக்கிறவர்கள். ஒருவருக்குக்கூட வேறு எதுவும் தோன்றவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழை, புயல் எச்சரிக்கை. படகுகள் பெரும்பாலும் கரையில்தான் கிடந்தன. அந்த நாட்களில் மழை விட்டபோதெல்லாம் அவள் சவுக்குக் கட்டைச் சாரத்தில் ஏறிச் சுவர் முழுவதும் கருநீலம் அடித்தாள். பிறகு அதன் மேல் மீன்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. அனுப்பிய போட்டோக்களில் எனக்குப் படம் தெரிந்ததே இல்லை. சாரம்தான் தெரிந்தது, அதில் அவள் ஒரு காலை எங்கே வைத்திருக்கிறாள் என்பதுதான் தெரிந்தது. "சூப்பர்டா" என்று பதில் போட்டுவிட்டு, "கயிறு கட்டியிருக்கியா?" என்று கேட்பேன்.

மார்கழி கடைசியில் படம் முடிந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்து வந்து, பிறகு காட்டும் நாளுக்காகத் திரும்பக் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. போகியன்று காலையில் முதல் வண்டி பிடித்தேன்.

சென்னையில் போகிக் காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று பனியும் சேர்ந்துகொண்டது. தண்டையார்பேட்டை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வண்டி ஊதிக்கொண்டே ஊர்ந்தது. எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "யம்மா, எதிர்ல இன்னா வர்துன்னே தெர்ல. நீ வேணா முன்னாடி நடந்து போயேன், நான் பின்னாலயே வரேன்" என்றார். நான் சிரித்தேன். அன்று கடைசியாகச் சிரித்தது அதுதான்.

குப்பத்தில் வீட்டுக்கு வீடு குப்பை எரிந்துகொண்டிருந்தது. பழைய பாய், உடைந்த கூடை, நைந்த வலை. பிள்ளைகள் போகிக் கொட்டு அடித்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். பக்கத்துக் குப்பத்திலும் அதே கொட்டு, அதே நெருப்பு. மேலே அறை பூட்டியிருந்தது. கீழே படகுக்காரரின் மனைவி என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பாப்பா கடல்ல கீதுக்கா."

நான் கடல் பக்கம் திரும்பினேன். புகைதான் தெரிந்தது.

"படம் போட்ட செவுர கடல்லேர்ந்து ஒருவாட்டி பாக்கணும், போட்டோ புடிக்கணும்னு ஒத்த கால்ல நின்னுச்சி. ஊர்ல கேட்டு, பெரியவங்க சரின்னுட்டாங்கோ. நேத்து போட்ட வலைய எட்த்துகினு உடனே வந்துரப் போறாங்கோ. கௌம்பறப்ப இத்தினி பனி இல்லக்கா. அவரும் என் தம்பியும் கூட கீறாங்கோ. லைஃப் ஜாக்கெட்டு போட்டுத்தாங்கா அனுப்பினேன், நானே கட்டி வுட்டேன்." என் முகத்தைப் பார்த்து, "நானே இத்தினி வருசத்துல ஏறினதில்ல" என்று சேர்த்துக்கொண்டாள். அது பெருமையா பொறாமையா என்று கேட்க எனக்கு அப்போது திராணி இல்லை.

"எப்ப வருவாங்க?"

"வந்துருக்கணும்."

கரைக்கு நடந்தோம். அலைச் சத்தம் கேட்டது, அலை தெரியவில்லை. எங்களோடு நாலைந்து பெண்கள், சில ஆண்கள். சூரியன் வந்துவிட்டது என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. அப்போது படகுக்காரரின் மனைவியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தே, கேக்குதா?" படகுக்காரரின் குரல். "திட்டுல தட்டிக்கிச்சி. அடியில வெட்டு வுட்டுக்கிது, தண்ணி ஏறுது. மோட்டாரு இழுக்க மாட்டேங்குது, திரும்ப முடியாது. செவுரு எங்கடி? செவுர காணோமே!"

"இன்னா செவுரு?"

"நம்ம வெள்ள செவுருடி!"

அந்தக் குரலுக்குப் பின்னால் என் மகளின் குரல் கேட்டது. கத்தவில்லை. மெதுவாக, சின்ன வயதில் காய்ச்சலில் பேசுவாளே, அந்த மாதிரி: "அண்ணா, வலது பக்கம் அலை கல்லுல மோதற சத்தம் கேக்குது."

"பாப்பா, அம்மா வந்திருக்கேன்" என்றேன். போன் கட்டாகிவிட்டிருந்தது.

கரையில் நின்ற எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கருநீலச் சுவர் புகையோடு புகையாக நின்றது. நூறடி தள்ளி நின்ற எனக்கே அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

யாரும் எனக்கு விளக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதிலிருந்து புரிந்தது. முகத்துவாரத்தில் ஒரு பக்கம் மணல் திட்டு, மறுபக்கம் கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறைகள். நடுவில் ஒரு படகு வரும் அளவுக்குத்தான் ஆழம். நல்ல நாளில் கோயில் தெரியும், அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும், எதையும் தேட வேண்டாம். பனி நாளில் அவர்கள் கண்ணுக்கு எட்டியது இந்த ஒரு வெள்ளைச் சுவர்தான். காலை வெயில் நேராக அதன் மேல் விழும். அதைப் படகின் மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு வந்தால் பிழைப்பார்கள். சுவருக்கு நீலம் அடித்த பிறகு, படகு வெளியே இருந்தபோது வந்த முதல் அடர்பனி நாள் அன்றுதான்.

நெருப்பு மூட்டிக் காட்டலாம் என்றால் கரை நெடுக நெருப்பு. சத்தம் கொடுக்கலாம் என்றால் எல்லாக் குப்பத்திலும் கொட்டு. இரண்டு பேர் பைக்குகளைக் கொண்டுவந்து விளக்குப் போட்டார்கள். புகை மஞ்சளானதுதான் மிச்சம். இன்னொரு படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதுவும் கொஞ்ச தூரத்திலேயே மறைந்தது.

"அப்பவே சொன்னேன். பொம்பளய ஏத்தினா இப்டித்தான்" என்றான் ஒருவன்.

படகுக்காரரின் மனைவி அவன் பக்கம் திரும்பினாள். "வாய மூட்றா. செவுத்துக்கு கருப்பு அடிச்சப்ப, சூப்பரா கீதுன்னு முன்னாடி நின்னு செல்ஃபி எட்த்தவன்தான நீ?" என்றவள் அதே மூச்சில், "கோயிலு மதிலுக்கு வாங்கின பெயிண்டு எங்க? தூக்கினு வாங்கடா!" என்று கத்தினாள்.

பொங்கலுக்காக வாங்கி வைத்திருந்த வெள்ளை பெயிண்ட், இரண்டு பெரிய பக்கெட். சுவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து மூடியை நெம்பினார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுவந்தார்கள், யாரோ தென்னந்துடைப்பம். அப்புறம் எல்லோரும் நின்றுவிட்டார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, உன் பொண்ணு போட்டது. நீ சொல்லு."

இரண்டு மாதம் அவள் வெயிலிலும் தூறலிலும் நின்றது. அவள் வாழ்க்கையில் முதல் பெரிய வேலை. இதை வைத்துத்தான் அடுத்தது என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். ஊற்றியும் பயன் இல்லாமல் போகலாம். அப்போது இதெல்லாம் வரிசையாக என் மனதில் ஓடியதாகச் சொன்னால் பொய். கல்லில் மோதும் சத்தம் என்று அவள் சொன்னது மட்டும்தான் காதில் இருந்தது. நான் சொல்லவில்லை. மக்கை வாங்கி, பக்கெட்டில் முக்கி, வீசினேன்.

அதன் பிறகு யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாரத்தை ஒரு மூலையில் இன்னும் பிரிக்காமல் விட்டிருந்தார்கள். இரண்டு பேர் அதில் ஏறி மேலேயிருந்து ஊற்றினார்கள். கீழே பெண்கள் துடைப்பத்தால் இழுத்தார்கள். ஒரு பெண் தன் கையாலேயே பூசினாள். நான் வீசிக்கொண்டேயிருந்தேன்.

போட்டோவில் தெரியாத படம் அப்போது எனக்குத் தெரிந்தது, அரையடி தூரத்தில். ஒரு கானாங்கெளுத்தியின் கண். அதன் வயிற்றில் வெள்ளிப் பொட்டுகள். வலைக்கண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு துளி வெளிச்சம். அப்புறம் தண்ணீருக்கு மேலேயிருந்து உள்ளே நீளும் ஒரு பெண்ணின் கை. விரல்கள் எதையோ வாங்கிக்கொள்வதுபோல் விரிந்திருந்தன. வலது மணிக்கட்டில் தோல் பட்டை போட்ட கடிகாரம். நான் வலது கையில்தான் கட்டுவேன். குப்பத்தில் யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை.

அங்கே கொஞ்சம் நின்றேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை. அதன் மேலும் வீசினேன்.

பாதிச் சுவர் வெள்ளையானபோது படகுக்காரரின் மனைவி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "ஷ்ஷ்." கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் எதையோ கேட்டாள். "நம்ம மோட்டாரு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவளை நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. புகைக்குள் கறுப்பாக ஒன்று தடித்தது. அது நேராகச் சுவரைப் பார்த்தே வந்தது. படகின் மூக்கு மணலில் ஏறி நின்றபோது உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர். என் மகள் தெர்மோகோல் பெட்டி மூடியால் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். கரை வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் கொட்டிக்கொண்டேயிருந்தாள். படகுக்காரர்தான் அவள் கையைப் பிடித்து இறக்கினார். தேடிப் போன படகும் பின்னாலேயே கரை சேர்ந்தது.

நான் ஓடிப் போய் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அடி ஜாக்கெட்டில்தான் விழுந்தது. பிறகுதான் கட்டிக்கொண்டேன்.

அவள் என் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தாள். என் புடவையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"யாரும்மா?"

"நான்தான்."

"நாங்க எல்லாருந்தான் பாப்பா" என்றாள் படகுக்காரரின் மனைவி.

பற்கள் தந்தியடிக்க அவள் சுவரைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். பிறகு, "மேல ஒரு பட்டை விட்டுட்டீங்க" என்றாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பால் பொங்கி வர்ற மாதிரி தெரிஞ்சிச்சிம்மா" என்று படகுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்ல, திடீர்னு பால் பொங்கினாப்ல." வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் மகள் ஜன்னலைப் பார்த்தபடியே வேறு மாதிரி சொன்னாள்: "அதுக்கு முன்னாடியே புகை கொஞ்சம் விலக ஆரம்பிச்சுதும்மா."

"அப்போ சுவரைப் பார்த்து வரலையா?"

"தெரியல. ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்துது."

நான் மறுபடி கேட்கவில்லை. பொங்கல் முழுக்க எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. கடிகாரக் கையைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால், பார்த்த பிறகும் வீசினேன் என்பதும் அதில் வந்துவிடும். அவளுக்கு அது தெரிந்தே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கல் முடிந்து மறுபடி ஊர்க்கூட்டம். நானும் போய் மூலையில் நின்றேன். பெண்ணை ஏற்றியதுதான் குற்றம் என்று இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். படகுக்காரர் எழுந்தார்.

"கருநீலம்னு சொன்னது யாரு? நானு. அந்தச் செவுர பாத்து இத்தினி வருசமா வர்றது யாரு? அதுவும் நானு. பாப்பா வந்து, 'அண்ணா, இந்தச் செவுத்த எதுக்குனா வெச்சிக்கினு கீறீங்களா'ன்னு கேட்டுச்சி. சும்மாதான் கீதுன்னேன். கையி பாட்டுக்கு ஓட்டினு வரும், கண்ணு பாட்டுக்கு பாக்கும். வாயால யாருனா சொன்னாத்தான தெரியும்?"

"போன்ல ஜி.பி.எஸ். இல்லியா?" என்றான் செல்ஃபி எடுத்தவன்.

"வூட்டுக்குள்ள போறதுக்கு மேப் போட்டுக்கினா போவ நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்த சுவர் இனி எப்போதும் வெள்ளைதான் என்று முடிவானது. பெண்கள் மட்டும், "கீழ ரெண்டு மீனாவது வுடு பாப்பா, பசங்க பாக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். மிச்சத்தை என் மகள் தானே சாரத்தில் ஏறி வெள்ளையடித்தாள், விட்டுப்போன மேல் பட்டை உட்பட. நான் கீழே நின்று பெயிண்ட் கலக்கிக் கொடுத்தேன். கயிறு கட்டியிருக்கிறாயா என்று கேட்கவில்லை. கட்டியிருந்தாள்.

காட்டும் நாளில் நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, வெள்ளைச் சுவரையும் அதன் அடியில் இரண்டு மீன்களையும் பார்த்தார்கள். ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "படைப்பு எங்கே?" என் மகளுக்கு முன்னால் படகுக்காரர் முந்திக்கொண்டார்.

"இங்க குந்திகினு பாத்தா தெரியாது சார். கடல்ல வந்து பாரு."

வந்தவர் யாரும் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து என் மகள் ஏறினாள். இந்த முறை என்னிடம் முன்னதாகவே சொன்னாள். அனுமதி கேட்கவில்லை, சொன்னாள். லீவு போட்டுவிட்டு வந்தேன்.

தை மாதத்து வெளிச்சம், பனி இல்லை, புகைபோக்கி வரை பளிச்சென்று தெரிந்தது. சுவரைப் பார்த்து வர வேண்டிய அவசியமே இல்லாத காலை. படகு புள்ளியாகும் வரை பார்த்தேன். கால் சோர்ந்து, சுவரோரம் போய்ச் சாய்ந்து நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். அன்று நான் கட்டியிருந்தது கருநீலப் புடவை. சட்டென்று விலகி, சுவரை முழுசாக விட்டுவிட்டு, பத்தடி தள்ளிப் போய் வெயிலில் நின்றுகொண்டேன்.